மற்றக் கண்

கஸ்தூரியார் வீதியில் என்ர ஸ்டூடியோ.
வெள்ளைத் திரை, சுழல் கதிரை, ஒரு சீப்பு,
நெற்றி மினுங்கினால் ஒற்ற ஒரு பெட்டி டிசு.
முப்பது வருசம் வலக்கண்ணால்தான் படம் எடுத்தேன்.
போன மாசியில் இருந்து இடக்கண்.

வலப்பக்கத்தில் ஆரோ
படத்தின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே வந்த மாதிரி.
கண்ணுக்குள்ளும் பிரஷர் வருமாம்.
பெரியாஸ்பத்திரியில் ஒரு குப்பி தந்து
இரவு ஒன்பதுக்கு ஒரு துளி எண்டார்கள்.
'கன்னத்தில் வழிஞ்சால் உடனே துடையுங்கோ,
இல்லாட்டி அங்கயும் மயிர் முளைக்கும்'
சிரிக்காமல் சொன்னாள் மருந்து தாற பிள்ளை.

முளைத்தது இமையில்தான்.
ஐப்பசிக்குள் மூக்குக்கண்ணாடியைத் தட்டத் தொடங்கிவிட்டது.
மழை கண்ட அறுகு மாதிரி, ஒரு ஒழுங்கில்லை,
சிலது மேலே, சிலது உள்ளே வளைந்து குத்தும்.
கண்ணுக்குக் கீழே
ஊறின தேயிலை நிறத்தில் ஒரு பிறை.
பக்கத்துச் சலூன் யோகன் கேட்டான்,
'என்னண்ணை, ஒரு கண்ணுக்கு மட்டும் கூத்தோ?'

நேற்று வீசாப் படத்துக்கு வந்தவள் பெயர் யதுர்ஷா.
மாப்பிள்ளை ஸ்கார்பரோவில்.
கதிரையில் இருந்து நாடியைத் தூக்கினாள்.
லென்ஸுக்குள் பார்த்த உடனே தெரிந்தது:
அதே அறுகு, அதே பிறை,
இரண்டு பக்கமும்.

மச்சாள் அனுப்பின சீரமாம்.
கைப்பையில் இருந்து எடுத்தும் காட்டினாள்,
பொன்மூடி போட்ட, சுண்டுவிரல் அளவுக் குப்பி.
'விட்டால் இமை பழையபடி ஆகிடுமாம் அண்ணை, அதால விடேல்லை.
இந்தக் கறுப்பை மட்டும்
கொஞ்சம் வெளுக்கப் பண்ணேலுமோ?'

வீசாப் படத்தில் கை வைக்கேலாது, பிள்ளை.

கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள்.
முகத்தை அல்ல.
'நீங்களும் இதுதானோ பூசிறியள்?
ஏன், மற்றக் கண்ணுக்குப் போடேல்லை?'

'அது வடிவாத் தெரியுது.'

பகிடி எண்டு நினைத்துச் சிரித்துவிட்டாள்.
பல் தெரிந்த படம் செல்லாது.
வாயை மூடச் சொல்லித்
திரும்ப ஒருக்கால் எடுத்தேன்.

ஒன்பது மணி.
பிரிட்ஜுக்குள், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் என்ர குப்பி.
தலையை நிமிர்த்திக் கீழிமையை இழுத்தேன்.
விழுந்தது. குளிர்.
மூடிக்கொண்டு அறுபது எண்ண வேணும்.
கோண்டாவிலில் அவளும் இப்ப
கண்ணாடிக்கு முன்னால் நிற்பாளாக்கும்.
நாற்பதில் எண்ணிக்கை தவறிப்போச்சு.

கன்னத்தை மட்டும்
இரண்டு தரம் துடைத்தேன்.