முப்பத்தைந்து

சிர்க்குவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல்
வைக்கோல் வாங்கப் போனேன்.

இருபத்தாறு வருடமாக ஒரே பணிமனை.
அவளுக்கு நான்காம் தடம், எனக்கு ஒன்பது.
பாலத்தின் மேல் எதிரெதிரே கடக்கும்போது
ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் உயர்த்துவோம்.
எங்கள் பேச்சில் பெரும்பகுதி அதுதான்.
அந்த இரண்டு விரலை
ரத்தப் புற்றுநோய் வார்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

குவோபியோவுக்கு வெளியே ஒரு பண்ணைக்காரர்
ரை தட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை,
யாருக்கு என்றும் கேட்கவில்லை.

ஹிம்மெலி செய்வது கணக்கில் எளிது:
பன்னிரண்டு தட்டை கோர்த்தால் ஒரு வைரம்.
அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று.
கூரையிலிருந்து தொங்கவிட்டால்
ஆள் மூச்சு விட்டாலே திரும்பும்.
என் விரல்களுக்குத்தான் கணக்கு வராது.
பனியில் சங்கிலி மாட்டிய விரல்கள்,
தொட்டதும் தட்டை பிளந்தது.
ஊறவைத்தேன், மறுபடி பிளந்தது.
சமையல் மேசை முழுக்கச் செதில்.
ஒன்பது ராத்திரி ஆனது.
கடைசியில் தொங்கியது கோணல்தான்,
ஆனால் தொங்கியது.

வார்டு வாசலில் நர்ஸ் வுவோக்கோ
பெட்டிக்குள் பார்த்தாள். வருத்தப்பட்டாள்.
"வைக்கோலில் பூஞ்சை இருக்கும்.
இங்கே பூவுக்கே அனுமதியில்லை.
அவளுக்கு இப்போது வெள்ளணுவே கிடையாது."

இருபத்துமூன்று டிகிரிக் குளிரில்
வைரங்களை மடியில் வைத்துக்கொண்டு
காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.
போனில் சிர்க்கு எழுதியிருந்தாள்:
"விஷயம் கேள்விப்பட்டேன்.
சிரித்ததில் உதட்டுப் புண் கிழிந்தது.
நன்றி, மடையா."

வைக்கோல் ஹிம்மெலி இப்போது
பணிமனைக் காப்பி மெஷினுக்கு மேல் இருக்கிறது.
உயரமான ஓட்டுநர்கள் இடித்துக்கொண்டு
என்னைத் திட்டுகிறார்கள்.

அடுத்த முறை போனபோது
வுவோக்கோ ஒரு பெட்டியை நீட்டினாள்:
சீல் பிரிக்காத ஸ்ட்ராக்கள், நாற்பது.
"அவளுக்காக வந்தவை. வாய் முழுக்கப் புண்.
நான்கு நாளாக ஒன்றையும் தொடவில்லை.
சும்மாதானே கிடக்கிறது."
நூலுக்கு?
பல்லிடுக்கில் விடும் நூல், புதுச் சுருள், புதினா வாசனை.

முகக்கவசம், கையுறை, மேலங்கி.
கட்டிலருகே உட்கார்ந்து கோர்த்தேன்.
கையுறைக்குள் வேர்த்தது.
முடியில்லாத தலையைத் தலையணையில் திருப்பி
சிர்க்கு வழி சொன்னாள்,
குறுகிய தெருவில் ரிவர்ஸ் எடுக்கிறவனுக்குச் சொல்வதுபோல:
"இடது. இன்னும் இடது.
உன் இடது இல்லை, என் இடது.
போதும், போதும், இடிச்சிட்டே."

முப்பத்தாறு ஸ்ட்ரா, மூன்று வைரம்.
மருந்துப் பை தொங்கும் கம்பியிலேயே கட்டினோம்.
காற்றோட்டக் குழாய் ஊதியதில்
அது அரைவட்டம் போனது,
நின்று யோசித்தது,
திரும்பி வந்தது.
"ஒன்பதாம் தடம் மாதிரியே இருக்கு," என்றாள்.
"எப்பவும் லேட்."
கண்ணை மூடிக்கொண்டாள்.
நல்ல வார்த்தை ஒன்று தொண்டைவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து போகிறேன்,
அடியில் இருந்த வைரம் சரிந்து கிடக்கிறது.
ஒரு பக்கம் தோள் இறங்கி,
அறுந்த நூல் நீட்டிக்கொண்டு.
யாரோ இடித்திருக்க வேண்டும்.
கோபத்தோடு வுவோக்கோவைத் தேடினேன்.
அவள் கண்ணாலேயே கட்டிலைக் காட்டினாள்.

சிர்க்குவின் உதடு நீலமாக இருந்தது.
ஒரு நொடி நெஞ்சு அடைத்தது.
பிறகுதான் டம்ளரைப் பார்த்தேன்:
புளூபெரிக் கஞ்சி, பாதி காலி,
நடுவில் சாய்ந்தபடி என் ஸ்ட்ரா.

விடியற்காலை மூன்று மணிக்குத் தாகமெடுத்ததாம்.
பெட்டியில் மிச்சம் நாலு இருக்கிறது என்று சொன்னார்களாம்.
வேண்டாம், அதுதான் வேண்டும் என்று
கத்தரிக்கோல் கேட்டாளாம்.

சரிசெய்யக் கை நீட்டினேன்.
"தொடாதே," என்றாள்.
குரல் சரளைக்கல் மாதிரி இருந்தது.
"பதினொன்றிலேயே நிக்குது பார்."

டாக்டர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.
உட்கார்ந்து எண்ணினேன்.
முப்பத்தைந்து.
நான் கோட்டு மாட்டும்போது
முப்பத்துநான்கு.