குறிப்பு என்ற கடைசிக் கட்டம்

ஜாலான் ஈப்போ வங்கியில்
வீட்டுக் கடன் பாரத்தின் ஏழாவது வரி:
தொழில்.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
"மூணு மாசச் சம்பளச் சீட்டு வேணும் அக்கா" என்றாள்.
சீட்டு இருக்கிறது, அந்தச் சீட்டு இல்லை
என்று வாய்வரை வந்தது.
மடக்கிக்கொண்டேன்.

மடக்குவதுதான் என் தொழில்.
பத்துக் கையில் எட்டை
பார்த்த மறுநொடி கவிழ்த்துத் தள்ளிவிட்டு
பச்சைத் துணியைப் பார்த்தபடி இருப்பது.
சும்மா இருப்பது சுகம் என்பார்கள்.
மணிக்கு முப்பத்தோரு ரிங்கிட் என்பேன் நான்,
பதினோரு வருடச் சராசரி.
செந்தூலில் கணக்கு டியூசன் எடுக்கும் என் தம்பி மனைவிக்கு
இதைவிடக் கூடுதல்.
அவளுக்கு முதுகு வலியும் இல்லை.

வெள்ளி மாலை கோம்பாக் டோல்.
மலை ஏறுகையில் காது அடைக்கும்,
எச்சில் விழுங்கினால் திறக்கும்.
மேலே கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது,
சவுக்கிட்டில் வாங்கிய பழுப்பு ஸ்வெட்டருக்குள்
நான் உண்டு.

வந்த புதிதில் கேட்டார்கள்:
"புருஷன் எந்த மேசையில்?"
கேட்கட்டும் என்று விட்டேன்.
பொட்டு வைத்தவள் பொய்யாட மாட்டாள் என்று
நம்பியவர்கள் கட்டியதுதான்
என் மைவி காரின் முன்பணம்.

நோட்டில் நாலு கட்டம்.
தேதி, நேரம், வரவு, குறிப்பு.
செலவுக்குத் தனியிடம் இல்லை,
வரவுக்கு முன்னால் சின்னக் கோடு போதும்.
குறிப்பில்தான் மனிதர்கள்:
பல் டாக்டர் ரத்தினசிங்கம், நல்ல சீட்டு வந்தால் தண்ணீர் கேட்பார்.
கிள்ளான் பையனுக்கு மூச்சு காட்டிக்கொடுக்கும்.
கெப்போங்கில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மிஸ்டர் கோ
பொய்யாடும்போது
இடது காது மடலைத் தொடுவார்.

அந்த மடல் ஒன்பது வருடம்
என் வாடகை கட்டியது.
அவருக்குத் தெரியாது.
அல்லது தெரியும்.
ஒரு சீனப் புத்தாண்டுக்கு
பெட்டி நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து வைத்து
"உன் வட்டி" என்று சிரித்தார்.

பிறகு நாலு வெள்ளி அவர் நாற்காலி காலி.

ஐந்தாம் வெள்ளி அதில் ஓர் இளைஞன்.
சட்டைக் கையில்
ஊசி குத்திய சிறு கருப்புத் துணி.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மெய் ஃபோங் சீட்டுக் கலைக்கும் சத்தம் மட்டும்
கொஞ்சம் தணிந்தது.

அவன் ஆடவில்லை.
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன்
சாலையில் கல் எறிவதுபோல
பணத்தை எறிந்துகொண்டிருந்தான்.
விடிகாலை மூன்று இருபதுக்கு
மிச்சம் மொத்தத்தையும் நடுவே தள்ளினான்.

என் கையில் இரண்டு ஒன்பது.
விரித்த ஐந்தில் ராஜா, ராணி, ஜாக்கி,
மூன்றும் எனக்கு மேலே.
கணக்கு சொன்னது, மடக்கு.
கணக்கை நான் மீறியதில்லை.
கிள்ளான் பையன் பெருமூச்சு விட்டான்.
டாக்டர் தம்ளரையே பார்த்தார்.
நான் அவனைப் பார்த்தேன்.
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கட்டினேன்.

ஆட்டின் ஆறு, ஆட்டின் ஏழு.
எதோடும் சேராதவை.
எழுந்தவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு
"எப்படித் தெரிந்தது, ஆன்ட்டி?" என்றான்.
அந்த ராத்திரியின் ஒரே பொய்யை
அப்போது ஆடினேன்:
"அதிர்ஷ்டம்."

இறங்கும் வழியெல்லாம் மூடுபனி,
முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.
காது இரண்டு தடவை அடைத்துத் திறந்தது.
செத்தாப்பாக் மாமாக் கடையில்
தேத்தாரே ஆடை கட்டும்வரை ஆறவிட்டு
நோட்டைப் பிரித்தேன்.
பக்கத்து நாற்காலியில் வங்கிப் பாரம்,
ஏழாவது வரி அப்படியே.

நேரம்: ஒன்பதரை மணி.
வரவு: நாலாயிரத்து எண்ணூற்று அறுபது.
குறிப்பு: மகன்.
இடது காது.
அவருடையதேதான்.