ஒன்றன்பால்

இரவு ஷிப்டில், லோரிகளுக்கு நடுவே,
கைத்தொலைபேசியில் ஸ்பானிஷ் படிக்கிறேன்.
பினாங்கு கால்சென்டரில் இந்த மொழிக்கு
எண்ணூறு வெள்ளி கூடுதலாம்.

நமக்கு மேசை அது, நாற்காலி அது,
பகாவ் ஆலையின் புகைபோக்கியும் அது.
அங்கே மேசை ஒரு பெண்.
நாற்காலியும்.
ஏனென்று கேட்கக் கூடாது.

ஓ-வில் முடிந்தால் ஆண். குறித்துக்கொண்டேன்.
உடனே கை வந்தது: லா மானோ. பெண்.
ஆ-வில் முடிந்தால் பெண்.
எல் ப்ரோப்ளேமா, பிரச்சினை, ஆண்.
அதை மட்டும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன்.

இரண்டே கால். அஸ்ருல் ஹாரன் அடிக்கிறான்.
"டியா எங்கே?" என்கிறான்.
போர்மனையா, கேண்டீன் தெய்வானையையா?
மலாய் காட்டிக்கொடுக்காது.

ரசீதைக் கிழிக்கிறேன்.
செம்பனைக் குலை, பதினோரு டன்.

செம்பனை பெண். பிழிந்த எண்ணெய் ஆண்.
லோரி ஆண். எடையும், எல் பேசோ, ஆண்.
அத்தனையும் ஏறி நிற்கிற இந்த இரும்பு மேடை
லா பாஸ்குலா.
அகராதியை இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

அஸ்ருல் இறங்கிப் போகிறான்.
சிவப்பு எண்கள் நடுங்குகின்றன.
பூஜ்யத்துக்குத் திரும்ப
அவளுக்கு நாலு வினாடி.