ஆற்காடு சாலை ஸ்கேன் சென்டரில் ஒரு ஃபைட்டர்

தமிழ், ஆங்கிலம், இந்தி, வங்காளம்.
நான்கு மொழியிலும் சுவரில் எழுதியிருக்கிறது:
கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று
இங்கே சொல்லப்படுவதில்லை.
அதற்குக் கீழே என் மேசை.
மேசைமேல், ஊறுகாய் தீர்ந்த பாட்டிலில்
நீலமா பச்சையா என்று அதற்கே தெரியாத
ஒரு ஃபைட்டர் மீன்.

காகிதப்பட்டறையில் வாங்கியது.
டம்ளர் டம்ளராக அடுக்கி
நடுநடுவே அட்டை செருகியிருந்தான் தஸ்தகீர்,
ஒன்றையொன்று பார்த்தால் கிழித்துக்கொள்ளுமாம்.
'ஆணு நூத்தம்பது, பொண்ணு நாப்பதுக்கா'
என்றான், தெருவே கேட்க.
யாரும் அவனைக் கைதுசெய்யவில்லை.
நாற்பதை எடுத்து வைத்தேன்.

இங்கே என் வேலை
டோக்கன் போடுவது, ஜெல் தடவுவது,
துடைக்கப் பேப்பர் கொடுப்பது,
முகத்தைச் சாத்தி வைப்பது.
கடைசிதான் கஷ்டம்.
ஒடுகத்தூர் பக்கம் ஒரு பேச்சு உண்டு:
நான் ஒரு பேப்பர் நீட்டினால் பையன்,
இரண்டு நீட்டினால் பொண்ணு.
கேள்விப்பட்ட நாளிலிருந்து
எண்ணாமல் உருவிக் கொடுக்கிறேன்.
எண்ணாமல் கொடுக்கவும்
எண்ணித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

பதினேழாம் நாள்
தண்ணீரின் ஒரு மூலையில் நுரை.
யாரோ சோப்புக் கையை விட்டார்களோ என்று
தஸ்தகீருக்குப் போன் அடித்தேன்.
'நுரை கட்டுதா? அப்ப ஆணுக்கா.
முட்டை வைக்கறதுக்கு வூடு கட்டுது.'
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
'பொண்ணும் சிலது கட்டும்.
கண்ணாடி காட்டுங்க, தாடி வருதா பாருங்க.
வயித்துக்குக் கீழ உப்புக்கல்லு மாதிரி
வெள்ளையா ஒரு புள்ளி கீதா? அது பொண்ணு.
குஞ்சா இருக்கச்ச பையனுக்கும்
இருக்கற மாதிரிதான் தெரியும்.
ஆணா இருந்தா மேல நூத்திப்பத்து குடுத்துடுங்க.
இல்ல, வேற மாத்திக்கறீங்களா?'

பவுடர் டப்பாவின் கண்ணாடியைக் காட்டினேன்.
செவுள் குடையாக விரிந்தது.
கன்னத்துக்கடியில் கறுப்பாக ஏதோ,
தாடியா, கோபத்தின் நிழலா,
பிடிபடவில்லை.
எதிரில் இருப்பது தான்தான் என்று தெரியாமல்
மூக்கு நோக முட்டியது.
டப்பாவை மூடிவிட்டேன்.

மே மாதம். வேலூர்.
ராத்திரி ஒன்பதுக்குக் கரண்ட் போய்
இன்வெர்ட்டரும் மூச்சை விட்ட பிறகு
செல்போன் டார்ச்சை
பாட்டிலுக்குப் பின்னால் வைத்தேன்.
உடம்பு எண்ணெய் பட்ட காகிதமானது.
முள். குடல். ஒரு துடிப்பு.
ஐந்து வருஷம்
டாக்டரம்மா தோளுக்குப் பின்னால் நின்று
பார்க்காததுபோல் பார்த்த கண் இது.
வயிற்றுக்குப் பின்னே, வால் பக்கம் சரிந்து
மஞ்சளாக ஒரு முக்கோணம் இருக்கும், பெண்ணென்றால்.
இருந்ததா இல்லையா
எனக்குத் தெரியும்.
டார்ச்சை அணைத்தேன்.
யாருமற்ற இருட்டிலும்
முகத்தைச் சாத்தியே வைத்திருந்தேன்.

காலையில் பேர்ணாம்பட்டு அம்மா ஒருத்தி.
ஸ்கேன் முடிந்து மருமகள் உள்ளே
புடவையைச் சரிசெய்துகொண்டிருக்க,
இவள் பாட்டிலை விரலால் சுண்டினாள்.
'இது இன்னா, ஆணா பொட்டையா?'
'சொல்லக்கூடாதும்மா.'
'மீனுக்குமா?' என்று
பாக்குக் கறைப் பல் தெரியச் சிரித்தாள்.
எனக்கும் சிரிப்பு வந்து, கை தட்டி,
பாட்டில் ஆடித் தண்ணீர் சிந்தியது.
பதிவேடு நனைவதற்குள்
இரண்டு பேப்பர் உருவித் துடைத்தேன்.

நிமிர்ந்தால்
அவள் சிரிக்கவில்லை.
என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதையும் உருவினேன்.
நான்காவதையும்.
காய்ந்த மேசையைத்
துடைத்துக்கொண்டே இருந்தேன்.