ரசீது இல்லாத செலவு

துலூத்தில் அந்த வருஷம் பனி முழங்கால் வரை.
நூலக வாசலில் மேசை போட்டு
ஏழு வாரம் டோனட் விற்றோம்.
நான் பொருளாளர்.
கையுறையைக் கழற்றி எண்ணினால்
சில்லறை சுடும், அவ்வளவு குளிர்.

'ஒரு கிராமத்துக்குத் தண்ணீர்' என்று
சோல்வெய்க் அட்டையில் எழுதியிருந்தாள்.
எந்தக் கிராமம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நல்லவேளை.
எங்களுக்கும் அப்போது தெரியாது.

ஜூனில் தெரிந்தது: மலாவியில், நம்பூமா.
மேட்டில் ஒரு கைப்பம்பு,
நாற்பதடி தள்ளி இன்னொன்று,
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்றாவது.
ஒன்றில் ஜப்பான் கொடி.
ஒன்றில் ஏதோ தேவாலயத்தின் பெயர்.
ஒன்றில் பெயின்ட் உரிந்து
'அன்புடன்' மட்டும் பாக்கி.
மூன்றும் ஊமை.

நான்காவதைப் பெட்டியோடு இறக்கிவிட்டு நின்றோம்,
பதினோரு பேர், ஒரே நிறச் சட்டையில்.

ஃபட்சானி ங்கோமா வந்தாள்.
இடுப்புத் துணியில் ஸ்பேனர்.
பேசாமல் முதல் பம்பைக் கழற்றினாள்,
கம்பியை உருவினாள்,
அடியிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
வெடித்திருந்தது. மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

சோம்பாவில் படிக்கும் லுவிசோ
முதலில் சிரித்தான், பிறகுதான் மொழிபெயர்த்தான்:
இதன் விலை உங்கள் டோனட் ஒன்றைவிடக் குறைவு.
ஆனால் கடைக்காரர் வரவழைப்பதை விட்டுவிட்டார்.
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை
புதுப் பம்பு சும்மா வருகிற ஊரில்
வளையம் யாருக்கு விற்பது?

செருப்பை வெட்டி மாட்டிப் பார்த்தாளாம்.
ஒன்பது நாள் தாங்கியதாம்.

பிறகு கேட்டாள், பணம் யார் கையில்?
எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.
பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாள்:
வளையம் நாற்பது, கிரீஸ் இரண்டு டப்பா,
அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போக ஒரு சைக்கிள்,
தனக்கு மாதச் சம்பளம், பன்னிரண்டு மாதம்.
சம்பளத்துக்கு அடியில் இரண்டு கோடு.
கூட்டலைச் சரிபார்த்தேன். பிழையில்லை.

சம்பளம் கொடுக்க எங்கள் விதியில் இடமில்லை.
பெயர்ப்பலகைக்கு இடமுண்டு.

அன்றிரவு வகுப்பறைத் தரையில் வாக்கெடுப்பு.
சோல்வெய்க் அழுதாள். டிரெவர் கத்தினான்,
நன்கொடையாளருக்கு எந்தப் படத்தை அனுப்புவது?
ஆறுக்கு ஐந்து.
நான் கடைசியாகக் கை தூக்கினேன்,
நியாயம் என்று தோன்றியதாலா, களைப்பாலா,
இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

விடிந்தபோது
ஃபட்சானி எங்கள் புதுப் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தாள்.
பதினொரு மணிக்கு ஜப்பான் இருமியது,
பிறகு தண்ணீர் கக்கியது.
யாரும் கைதட்டவில்லை. குடங்களுக்குள் சண்டை வந்தது,
எவளுடையது முதலில் என்று.

இப்போது டீன் அலுவலகம் கடிதம் எழுதுகிறது:
சைக்கிள் எதற்கு?
'எஃப். ங்கோமா' என்பது எந்த நிறுவனம்?
வளையம் விற்ற கடைக்காரர்
சர்க்கரைப் பையைக் கிழித்துக் கணக்கெழுதித் தந்தார்.
ஒட்டி அனுப்பினேன். செல்லாது என்கிறார்கள்.

பித்தளைப் பலகையை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தேன்.
பை எடை கூடிவிட்டதென்று
விமான நிலையத்தில் முப்பது டாலர் வாங்கினார்கள்.
அதற்கு ரசீது இருக்கிறது.