ஏழாவது பியூஸ்

பேர் என்னவோ வீரா.
வெள்ளி சாயங்காலம் நிறுத்தினால்
திங்கள் காலை செத்துக் கிடக்கும்.
சாவியைத் திருகினால் ஒரே ஒரு 'டிக்',
பல்லி சொல்வது போல.

லங்காப் போமன் ஆ கியோங்
எட்டிப் பார்க்காமலே சொன்னார்: பேட்டரி.
நூற்றெண்பது ரிங்கிட்.
ஏழு வாரம் கழித்து மறுபடியும்: பேட்டரி.
நவநீதன் நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்தார்.
காடி ஓடினால்தானே நசுங்கும்?
தள்ளி நசுக்கினோம்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
பழம் கொட்டிவிட்டுத் திரும்பும் லோரியையும்
இன்னொரு தரம் ஏற்றி நிறுத்து என்பவள்.
காலிக்கும் கணக்கு உண்டு.
சும்மா நிற்கிற காடி என்ன தின்கிறது என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆலை வயர்மேன் ஹஃபிஸிடம் மீட்டர் இரவல்.
நெகட்டிவ் கம்பியைக் கழற்றி
அதற்கும் பேட்டரிக்கும் நடுவில்
மீட்டரைத் தரகன் மாதிரி உட்கார வைத்தேன்.
கதவுச் சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றியாச்சு.
சாவி என் இடுப்பில்.
புள்ளி நாலு ரெண்டு ஆம்பியர்.
உள்ளே யாரோ
சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பியூஸ்களைப் பிடுங்கினேன்.
ஹார்ன், இல்லை.
வைப்பர், இல்லை.
ரேடியோவில் கை வைத்ததும் நவநீதன் முகம் சுருங்கியது;
அதுவும் இல்லை.
ஏழாவதில் எண் விழுந்தது.
உள்விளக்குகள்.
கூரை விளக்கு அணைந்துதான் இருக்கிறது.
மிச்சம், பின்னால் பூட்.

மூடிய பிறகு அங்கே விளக்கு அணைகிறதா,
வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?
நவநீதன் தொண்ணூற்று நாலு கிலோ.
நான்தான் ஏறினேன்,
காலை மடக்கி, முதுகில் குடைக்கம்பி குத்த.
மூடினார்.

இருட்டவில்லை.

மூக்குக்கு ஒரு சாண் தள்ளி
மஞ்சளாய்ச் சின்ன பல்பு.
மூடி அழுத்த வேண்டிய பொத்தான்
பாதி உடைந்து தொங்குகிறது.
அந்த வெளிச்சத்தில்
ஜாக் வைக்கும் பொந்து, ஜாக்குக்குப் பின்னால்
ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கத்தை.
நாலு நம்பர் சீட்டுகள்.
உருவினேன்: மூன்று ஏழு ஒன்று நான்கு.
அடுத்தது, மூன்று ஏழு ஒன்று நான்கு.
எல்லாம் எங்கள் காடி நம்பர்.
பெரிசுக்கு ஐந்து, சின்னதுக்கு ஐந்து,
புதன், சனி, ஞாயிறு.

தகரத்துக்கு மேலே குரல்: "எரியுதா?"

பத்து, வாரம் மூன்று தரம்,
மாதம் நூற்றிருபது;
மனசு தன்பாட்டில் எடை போட்டது.
ரோட்டில் ஏதோ லோரி போகும் அதிர்வு.

"சுகுணா, எரியுதா இல்லியா?"

"எரியுது."

திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.
"கெட்டிக்காரிடி நீ."
பல்பைத் திருகிக் கழற்றினேன்.
சூடு. கையிலேயே வைத்திருந்தேன்.
கத்தை இருந்த இடத்திலேயே இருந்தது.

திங்கள் காலை ஒரே திருப்பில் கிளம்பியது காடி.
"ராசி திரும்பிடுச்சு," என்றார்.
ஆலையில் ஹஃபிஸ் மீட்டரைக் கேட்டான்.
புதன்கிழமை தாண்டட்டும் என்றேன்.