ஓட்டுநர் பக்கத் தரை

ரப்பர் விரிப்பைத் தூக்கினால் சணல் மெத்தை
சணலைக் கிழித்தால் தார்
தாரைச் சுரண்டினால்
கொணவட்டத்து மண்.
நடுவில் இருக்கவேண்டிய இரும்பு
எங்கோ போயிருந்தது.

கீழே மல்லாந்து கிடந்தேன்.
பத்மினியின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு
மருதாணி மங்கிய ஒரு விரல்
என் மூக்குக்கு நேரே இறங்கி வந்தது.
"இவ்வளவு பெரிய ஓட்டையா?"
மேலிருந்து ஷமீமா மேடம்.

உப்புதான், என்றேன்.
பேரணாம்பட்டில் வாங்கிய ஆட்டுத்தோலை
உப்பு தடவி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு
அடுக்கிக்கொண்டு போவார் உங்கள் அப்பா.
ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் நாற்பது தடவை பிரேக்.
ஒவ்வொரு பிரேக்குக்கும் உப்புத்தண்ணீர்
முன்னால் ஓடிவந்து
அவர் காலடியில் உட்கார்ந்துகொள்ளும்.
என் பெயர் ஜலகண்டன்.
தண்ணீர் எங்கே தங்கும் என்று எனக்குத் தெரியும்.

அறுப்பதற்கு முன்
கதவு வாசல்களில் குறுக்கே ஆங்கிள் வைத்து டேக் அடித்தேன்.
இந்த வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது,
தரைதான் முதுகெலும்பு.
சும்மா அறுத்தால் இடுப்பு தொய்ந்துபோகும்,
அப்புறம் எந்தக் கதவும் சாத்தாது.

கிரைண்டர் கத்தியது.
பொறி விழுந்து காக்கிச் சட்டையில் பொத்தல்.
கிளட்ச் பெடலுக்குக் கீழே, தாருக்கு அடியில்
ஒரு தகரம்.
தட்டி நிமிர்த்திய எண்ணெய் டின்.
"டலை எண்ணெ" வரை படிக்க முடிந்தது.
ஏழு ரிவெட்.
ஆறாவது மட்டும் இடப்பக்கம் சாய்ந்து.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
கரண்ட் போன ஒரு சாயங்காலம்,
மறுநாள் காலை எஃப்.சி.,
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு அடித்தது.
பில்லில் பதினெட்டு கேஜ் தகடு என்று எழுதினேன்.
காரணம் இருந்தது. அதை இங்கே சொல்வதாயில்லை.

குனிந்து பார்த்த மேடம் சொன்னார்:
"எந்தப் படுபாவியோ டின்னை வைத்து மூடியிருக்கிறான்."
ஆமாம், என்றேன்.
கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

பிறகு நான்கு நாள்.
புடவைக் கடை அட்டைப்பெட்டியில் அளவு வெட்டி,
மணல் மூட்டைமேல் தகட்டைப் போட்டு
மரச்சுத்தியால் வரிவரியாய்ப் பள்ளம் எடுத்து,
இங்கே ஓர் அங்குலம், எதிர்மூலையில் ஓர் அங்குலம்
என்று பற்றவைத்தேன்.
வேலூர்ச் சித்திரையில் ஒரே இடத்தில் சுட்டால்
தகடு அப்பளமாய்ப் பொங்கும்.
இரண்டாம் நாள் ராத்திரி
வெல்டிங் பார்த்த கண்ணில் மணல் உறுத்த
உருளைக்கிழங்கு வில்லை கட்டிப் படுத்தேன்.
மூடிய இமைக்குள்
ஏழு புள்ளி எரிந்தது.

பில்லில் எழுதியது:
கூலி, கம்பி, கேஸ், பிரைமர், தார்.
"தகட்டுக்குப் பணம் போடவில்லையே?"
அது வந்துவிட்டது.
"யார் கொடுத்தது?"
உங்கள் அப்பா.

எப்போது என்று கேட்பார் என நினைத்தேன்.
கேட்கவில்லை.
பழைய இரும்புக் குவியல் பக்கம் நடந்து போய்
செருப்பு நுனியால் அந்த டின்னைத் திருப்பினார்.
ரிவெட்டை எண்ணினாரோ என்னவோ,
கடைசிக்கு முந்தினதில் சற்று நின்ற மாதிரி இருந்தது.

நான் குனிந்து
புதுத் தரையின் வடிகால் ரப்பரை
மறுபடி அழுத்திப் பார்த்தேன்.
ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.